டெஸ்ட்டில் பாஸ், நிஜத்தில் ஃபெயில்: மெயில் கிளஸ்டரும் யாரும் கவனிக்காத அதன் விட்னஸும்

டெஸ்ட் செய்தபோதெல்லாம் அழகாக ஃபெயில்ஓவர் ஆன, அதாவது ஒரு சர்வர் நின்றதும் வேலையை மற்றதுக்கு மாற்றிக்கொண்ட, ஒரு மெயில் கிளஸ்டர், நிஜமாகவே ஒரு சர்வர் செத்த அன்று மொத்தமாகப் படுத்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016, அடியில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, இரண்டே சர்வர்கள். எல்லா மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்கும் இரண்டிலும் நகல் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்கள், ஒன்று போனதும் இரண்டுமே போனால் கோபப்படாமல் என்ன செய்வார்கள்? அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சென்னைக்கு வெளியே தொழிற்சாலை, அதற்குள்ளேயே ஒரு சர்வர் ரூம், அவ்வளவு போதும். வெளியாட்களாக சப்போர்ட் பார்க்கிற எங்களுக்கு போன் வந்தபோது அவுட்லுக் எல்லோருக்கும் டிஸ்கனெக்டட் என்று காட்டிக்கொண்டிருந்தது.

எக்ஸ்சேஞ்சில் இந்த ஏற்பாட்டுக்கு டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப் என்று பெயர், சுருக்கமாக டேக். 2010 பதிப்பில் வந்தது, ஒரு டேக்கில் 16 சர்வர் வரை சேர்க்கலாம். பலருக்கு மறந்துபோகிற விஷயம், இதற்கு அடியில் ஓடுவது விண்டோஸின் ஃபெயில்ஓவர் கிளஸ்டர்தான். எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் எல்லாவற்றையும் க்ளிக் செய்தே முடித்துவிடுவதால், கிளஸ்டர் மேனேஜரை ஒருமுறைகூடத் திறக்காத மெயில் அட்மின்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல காலத்தில் திறக்கவும் வேண்டாம். ஆனால் கெட்ட காலத்தில் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

கிளஸ்டர் உயிரோடு இருக்க மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். இதைத்தான் குவோரம் என்கிறோம். சர்வர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அவற்றின் ஓட்டே போதும். இரட்டைப்படையாக இருந்தால் சமனாகப் பிரிந்துவிடக்கூடும் என்பதால், வெளியே ஒரு மெஷினில் ஒரு ஷேர் ஃபோல்டரை வைத்து அதற்கு ஓர் ஓட்டு கொடுக்கிறார்கள். அதுதான் ஃபைல் ஷேர் விட்னஸ். அதில் மெயில் கிடையாது, கிளஸ்டரின் டேட்டாபேஸும் கிடையாது, சில பைட் அளவில் ஒரு விட்னஸ் லாக் ஃபைல் மட்டும். சர்வர்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போகும்போது அந்த ஃபைலை யார் முதலில் பூட்டுகிறாரோ அவருக்கு அந்த ஓட்டு. இத்தனை சின்ன விஷயம் என்பதால்தான் அதை யாரும் ஒரு சர்வராகவே மதிப்பதில்லை.

சரி, அந்தத் தொழிற்சாலைக்கு வருவோம். செத்தது முதல் சர்வர், பவர் சப்ளையோடு போர்டும் போயிருந்தது. இரண்டாவது சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் கிளஸ்டர் சர்வீஸ் நின்றிருந்தது. சிஸ்டம் ஈவென்ட் லாகில் 1135, அதாவது ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள சர்வர்) கிளஸ்டரிலிருந்து விலக்கப்பட்டது என்ற செய்தி. அதன் வாலிலேயே 1177, குவோரம் போனதால் கிளஸ்டர் சர்வீஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்ற செய்தி. இரண்டு சர்வர், ஒரு விட்னஸ் என்றால் மூன்று ஓட்டு. ஒன்று போனாலும் இரண்டு மிச்சம் இருக்க வேண்டுமே? அங்கிருந்த இளைஞரிடம் விட்னஸ் எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்டேன். "சார், அது பழைய ஃபைல் சர்வர். என்.ஏ.எஸ். பாக்ஸ் வாங்கினதும் அதை ஆஃப் பண்ணி ஸ்டோருக்கு அனுப்பிட்டாங்க, நான் சேர்றதுக்கு முன்னாடியே" என்றார்.

ஆக விட்னஸ் செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் மாதாமாதம் பேட்ச் போட்டு ஒவ்வொரு சர்வராக ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். டி.ஆர். டிரில், அதாவது பேரிடர் மீட்பு ஒத்திகை என்று ஒரு சர்வரை ஷட்டவுன் செய்து பார்த்து ரிப்போர்ட்டும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பாஸ். அப்படியானால் இன்று மட்டும் ஏன் விழுந்தது என்று எம்.டி. கேட்டார், நியாயமான கேள்விதான்.

பதில் டைனமிக் குவோரத்தில் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த வசதி இது, ஓட்டுகளைக் கிளஸ்டர் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். 2012 ஆர்2-இல் விட்னஸின் ஓட்டையும் அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள். விட்னஸ் காணாமல் போனதும் கிளஸ்டர் அதன் ஓட்டைப் பூஜ்யமாக்கிவிட்டது. இப்போது மிச்சம் இரண்டு ஓட்டு, இரட்டைப்படை. எனவே இரண்டு சர்வரில் ஒன்றின் ஓட்டையும் பிடுங்கிவிட்டது. ஆக மொத்தக் கிளஸ்டரும் ஒரே ஒரு சர்வரின் ஒரே ஓட்டில் நின்றது. அந்த ஓட்டுள்ள சர்வரை முறையாக ஷட்டவுன் செய்தால், போகும்போது ஓட்டை மற்றதன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகும். அதனால்தான் பேட்ச் இரவுகளிலும் டிரில்லிலும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டில்லாத சர்வர் கரண்ட் போய்ச் செத்திருந்தாலும் தப்பித்திருப்பார்கள். ஆனால் போர்டு எரிந்து செத்தது ஓட்டை வைத்திருந்த சர்வர், அதற்கு ஓட்டைக் கைமாற்ற நேரமே இல்லை. கிளஸ்டர் லாகை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோது இந்தக் கதைதான் அங்கே எழுதியிருந்தது.

டைனமிக் குவோரத்தைத் திட்டிப் பயனில்லை, அது இல்லாமல் இருந்திருந்தால் முதல் பேட்ச் இரவிலேயே விழுந்திருக்கும். ஒருவிதத்தில் அதுவே நல்லது என்றும் எனக்குத் தோன்றும், ஏனென்றால் அன்றே விட்னஸைத் தேடியிருப்பார்கள். மைக்ரோசாஃப்டும் இதையேதான் சொல்கிறது, ஆன் செய்தபடியே விடு, ஆனால் அதை நம்பி டிசைன் போடாதே என்று.

இதற்கு அப்புறம் நான் எந்த டேக்கைப் பார்க்கப் போனாலும் முதலில் செய்வது, பவர்ஷெல்லில் கெட்-கிளஸ்டர்நோடு அடித்து ஒவ்வொரு நோடுக்கும் நோடுவெயிட், டைனமிக்வெயிட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முதலாவது நாம் கொடுத்த ஓட்டு, இரண்டாவது இந்த நிமிஷம் உண்மையில் இருக்கிற ஓட்டு. கெட்-கிளஸ்டரில் விட்னஸ்டைனமிக்வெயிட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு சர்வரும் நலமாக ஓடும்போது அது 0 என்று காட்டினால் உடனே வேலையைத் தொடங்கலாம். கெட்-கிளஸ்டர்ரிசோர்ஸ் அடித்தால் ஃபைல் ஷேர் விட்னஸ் ஆன்லைனா ஃபெயில்டா என்பது தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் கெட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் கட்டளையோடு ஸ்டேட்டஸ் சேர்த்து அடிக்க வேண்டும். ஸ்டேட்டஸ் சேர்க்காமல் அடித்தால், நிறுவனத்தின் கணக்குகளும் செட்டிங்குகளும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் எழுதிவைத்த பெயரை மட்டும் காட்டும், அந்த மெஷின் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தாலும் பெயர் அங்கே பளிச்சென்று இருக்கும். அதே காரணத்தால், மூன்று சர்வர் உள்ள டேக்கில் விட்னஸ் பயன்பாட்டிலேயே இல்லாவிட்டாலும் பெயர் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், எச்சரிக்கை வராமல் இல்லை. விட்னஸ் போன நாளிலிருந்து 1069, 1564 என்று ஈவென்ட்கள் லாகில் வரிசையாக விழுந்திருந்தன. அவர்களுடைய மானிட்டரிங் டூல் எக்ஸ்சேஞ்ச் சர்வீஸ்களைப் பார்த்தது, மெயில் க்யூவைப் பார்த்தது, டிஸ்க்கைப் பார்த்தது. கிளஸ்டரின் ஈவென்ட்களைப் பார்க்கச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லை. நான்கு ஈவென்ட் எண்களுக்கு அலர்ட் போட்டுக்கொண்டால் போதும், 1069, 1135, 1177, 1564. பெரிய டூல் எதுவும் வேண்டாம், டாஸ்க் ஷெட்யூலரில்கூடச் செய்யலாம். அந்த அலர்ட் மெயிலை அதே மெயில் சர்வர் வழியாக அனுப்பாமல் இருந்தால் சரி, எஸ்.எம்.எஸ்.ஸோ வேறு எதுவோ வையுங்கள்.

அன்று மீட்டது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் அவசரத்தில் செய்யக்கூடாததைச் செய்பவர்கள் அதிகம். உயிரோடு இருக்கும் சர்வரில் கிளஸ்டர் சர்வீஸை ஃபோர்ஸ் குவோரம் போட்டுக் கிளப்பலாம், ஓட்டு எண்ணாமலே எழுந்துகொள்ளும். ஆனால் அதைத் தட்டுவதற்கு முன், செத்தது என்று நாம் நினைக்கும் சர்வர் உண்மையிலேயே செத்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் மட்டும் போய் அந்தப் பக்கம் டேட்டாபேஸ் மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டுக்கு ஏற்றப்பட்டு, ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கமும் மவுண்ட் ஆகி, ஒரே மெயில்பாக்ஸுக்கு இரண்டு வரலாறு உருவாகிவிடும். ஸ்ப்ளிட் பிரெயின் என்பது இதுதான். அதைச் சேர்த்துத் தைக்க ஒரு கருவியும் கிடையாது. நாங்கள் பவர் கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் உருவிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தோம்.

கிளஸ்டர் எழுந்ததும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் தானாக மவுண்ட் ஆயின. ஒன்று மட்டும் ஆகவில்லை. இது குவோரம் பிரச்சினை இல்லை, இரண்டாவது அடுக்கு. எந்த நகலை ஏற்றலாம் என்று முடிவு செய்வது எக்ஸ்சேஞ்சின் ஆக்டிவ் மேனேஜர். டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை எழுதும் லாக் ஃபைல்களில், மற்ற சர்வரிலிருந்து வந்து சேராமல் போனவை எத்தனை என்று அது எண்ணும். ஒரு லாக் 1 எம்.பி. எத்தனை வரை பொறுக்கலாம் என்று சொல்லும் செட்டிங்கான ஆட்டோ மவுண்ட் டயல் லாஸ்லெஸ் என்றிருந்தால் ஒன்றுகூடக் குறையக்கூடாது, குட் அவைலபிலிட்டி என்றால் 6 வரை பொறுக்கும், பெஸ்ட் அவைலபிலிட்டி என்றால் 12 வரை. அந்த ஒரு டேட்டாபேஸ், பெரிய அட்டாச்மென்ட்களோடு பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டும் டிசைன் டிபார்ட்மென்ட்டும் உட்கார்ந்திருந்த டேட்டாபேஸ், அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. எவ்வளவு இழப்பு என்பதை அவர்களிடம் சொல்லி, மெயிலில் ஒப்புதல் வாங்க முடியாத நிலை என்பதால் பேப்பரில் வாங்கி, டயலை மீறி மவுண்ட் செய்தோம். சேஃப்டி நெட் என்று ஒன்று இருக்கிறது, டெலிவரி ஆன மெயில்களை டிரான்ஸ்போர்ட் பக்கம் இயல்பாக 2 நாள் வரை வைத்திருந்து, இப்படி இழப்போடு மவுண்ட் ஆகும்போது திரும்ப அனுப்பும். அதனால் உள்ளே வந்த மெயில்களில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. காலெண்டரில் மாற்றியது, டிராஃப்டில் எழுதியது போன்றவை அந்த வழியில் வராது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எனவே ஃபெயில்ஓவர் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, கிளஸ்டர் சர்வீஸ் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் ஓட்டுக் கணக்கு. ஓடுகிறது, ஆனால் டேட்டாபேஸ் மட்டும் ஏறவில்லை என்றால் ஆக்டிவ் மேனேஜர் ஏதோ ஒரு காரணத்துக்காக மறுக்கிறது. இந்த இரண்டைக் கலந்துகொண்டு, குவோரம் போன கிளஸ்டரில் டேட்டாபேஸ் மவுண்ட் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிப்பவர்களையும், குவோரம் நன்றாக இருக்கும்போது விட்னஸை மாற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அடுக்கில் அடிக்கடி மாட்டுவது, எக்ஸ்சேஞ்ச் 2019-க்கு முந்தைய பதிப்புகளில், மெயிலில் தேடுவதற்கான கன்டென்ட் இண்டெக்ஸ். டேட்டாபேஸ் நகல் ஹெல்த்தி என்று பச்சையாக இருக்கும், பக்கத்திலேயே இண்டெக்ஸ் ஃபெயில்ட் என்று இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஆக்டிவ் மேனேஜர் படிக்கும், அந்த நகலை ஒதுக்கிவிடும். இண்டெக்ஸை மட்டும் தனியாக மறுபடி சீட் செய்தால், அதாவது புதிதாக நகலெடுத்தால் போதும், மொத்த டேட்டாபேஸையும் நகலெடுக்க வேண்டியதில்லை. 2019-இல் இண்டெக்ஸ் மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே போய்விட்டதால் இந்தத் தலைவலி போயிற்று. இன்னொன்று, பேட்ச் போடும்போது, அந்த சர்வரில் டேட்டாபேஸ் தானாக ஏறலாமா என்பதைச் சொல்லும் ஆக்டிவேஷன் பாலிசியை பிளாக்ட் என்று வைத்துவிட்டு வேலை முடிந்ததும் திருப்பி வைக்க மறப்பது. இதற்கு வைத்தியம் செக்லிஸ்ட் தவிர வேறில்லை.

இப்போது இரண்டு ஊர்க் கதை. இது வேறு நிறுவனம். சென்னையில் இரண்டு சர்வர், கோவையில் இரண்டு சர்வர், விட்னஸ் சென்னையில். ஐந்து ஓட்டு. ஊர்களுக்கு இடையே லைன் அறுந்தால் சென்னை மூன்று ஓட்டோடு ஓடும், கோவை நின்றுவிடும். ஆட்கள் அதிகம் சென்னையில் என்பதால் அது சரியான டிசைன்தான். ஒரு மழைக்காலத்தில் சென்னை பில்டிங்கில் தண்ணீர் ஏறி, ஜெனரேட்டரைத் தொட முடியாமல், யு.பி.எஸ். தீரும் வரை ஓடி எல்லாம் ஒன்றாக நின்றது. கோவையில் இரண்டு ஓட்டு, ஐந்தில் இரண்டு, கிளஸ்டர் படுத்துவிட்டது. ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்திருந்தால் டைனமிக் குவோரம் ஓட்டுகளைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கும், ஒரே நொடியில் மூன்று ஓட்டு போனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அங்கிருந்த ஐ.டி. மேனேஜருக்கு ஒரே குழப்பம். "ஆல்டர்நேட் விட்னஸ் கோவையிலதானே கொடுத்திருக்கோம் சார், அது ஏன் எடுத்துக்கல?" இந்தக் கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஆல்டர்நேட் விட்னஸ் என்பது பத்திரிகையில் பெயர் போட்ட மாதிரி, பெயர் இருப்பதால் மட்டும் ஆள் பந்திக்கு வந்துவிட மாட்டார். முதல் விட்னஸ் போனால் இது தானாக ஓட்டுப் போடும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு ஊரே போன பிறகு, மனிதன் ஒருவன் உட்கார்ந்து மீட்பு வேலையைத் தொடங்கும்போது, எந்த ஷேரைப் பயன்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான்.

மீட்பு வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசை மாறக்கூடாது. முதலில் கோவையிலிருந்து ஸ்டாப்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் கட்டளையை, சென்னை சைட்டின் பெயரோடு, கான்ஃபிகரேஷன்ஒன்லி சேர்த்து அடிக்க வேண்டும். சென்னை சர்வர்கள் கிடைக்காததால் ஆக்டிவ் டைரக்டரியில் மட்டும் அவை நின்றுவிட்டன என்று குறித்துக்கொள்ளும். கோவையில் ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் நல்ல டொமைன் கன்ட்ரோலர் இல்லாவிட்டால் இந்த முதல் படியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் கோவையின் இரண்டு சர்வரிலும் கிளஸ்டர் சர்வீஸை நிறுத்த வேண்டும். கடைசியாக ரீஸ்டோர்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப், கோவை சைட்டின் பெயரோடு. இதுதான் சென்னை சர்வர்களைக் கிளஸ்டரிலிருந்து வெளியேற்றி, மிச்சம் இரட்டைப்படை என்பதால் ஆல்டர்நேட் விட்னஸை வேலைக்கு எடுத்து, குவோரத்தைக் கட்டி எழுப்புகிறது. டேட்டாபேஸ் ஏறிய பின்னும், பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். பழைய ஐ.பி.யைக் காட்டிக்கொண்டிருக்கும், டி.டி.எல்., அதாவது அந்தப் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம், ஒரு நாள் என்று வைத்திருந்தால் அந்த ஒரு நாளும் போன் அடிக்கும். அவர்கள் ஐந்து நிமிஷம் என்று வைத்திருந்தார்கள், அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இந்த வரிசை வேலை செய்ய டேட்டாசென்டர் ஆக்டிவேஷன் கோஆர்டினேஷன் மோடு, அதாவது டேக் மோடு என்று குழப்பாமல் டி.ஏ.சி. என்றே வைத்துக்கொள்வோம், அது முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும். இயல்பாக ஆஃபில்தான் இருக்கும். இதன் அருமை கரண்ட் திரும்பும்போதுதான் தெரியும். சென்னையில் கரண்ட் வந்து இரண்டு சர்வரும் விட்னஸும் எழுந்தால் அங்கே மூன்று ஓட்டு இருக்கிறது, ஊர்களுக்கு இடையே லைன் இன்னும் வரவில்லை. கோவையில் என்ன நடந்தது என்று தெரியாத சென்னை, நானே பெரும்பான்மை என்று டேட்டாபேஸ்களை ஏற்றிவிடும். கோவையிலும் ஓடுகிறது, சென்னையிலும் ஓடுகிறது. டி.ஏ.சி. ஆனில் இருந்தால் புதிதாக எழும் சர்வரின் மெமரியில் ஒரு பிட் 0 என்று ஆரம்பிக்கும். அந்த பிட் 1 ஆக உள்ள இன்னொரு சர்வரையோ, அல்லது டேக்கில் உள்ள எல்லாச் சர்வர்களையுமோ பார்த்துப் பேசும் வரை அது எந்த டேட்டாபேஸையும் ஏற்றாது. அன்று சென்னை சர்வர்கள் எழுந்து, லைன் வரும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தன. சென்னை டீமுக்கு அது பழுது போலத் தெரிந்தது, மவுண்ட் ஆகமாட்டேன் என்கிறது என்று பதறினார்கள். கை வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

இரண்டே சர்வர் உள்ள டேக்கில் டி.ஏ.சி. ஆன் செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இந்த பிட் மட்டும் போதாது என்பதால், ஆல்டர்நேட் விட்னஸ் சர்வர் எப்போது பூட் ஆனது என்ற நேரத்தையும் எக்ஸ்சேஞ்ச் ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த மெஷினும் உயிரோடிருக்கும் ஒற்றை நோடும் சேர்ந்தே ரீபூட் ஆகியிருந்தால், பெரிய மின்வெட்டு என்று எண்ணி மவுண்ட் செய்ய மறுக்கும், ரீஸ்டோர் கட்டளை அடிக்க வேண்டிவரும். மீட்பு நிலையில் ஓடும்போது இரண்டையும் ஒரே இரவில் பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

திரும்பிப் போகும்போது அவசரம் வேண்டாம். லைன் நிலையான பின், ஸ்டார்ட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் போட்டு சென்னை சர்வர்களைச் சேர்த்து, செட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் கட்டளையை டேக்கின் பெயரை மட்டும் கொடுத்து ஒருமுறை அடித்தால், ஓட்டுக் கணக்கை மறுபடி பார்த்து, பழைய விட்னஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிடுபவர்கள் உண்டு. எல்லாம் ஓடுகிறது, ஆனால் விட்னஸ் கோவையிலேயே நிற்கிறது, அடுத்த முறை லைன் அறுந்தால் சென்னை படுத்துக் கோவை ஓடும். லாக்குகள் வந்து சேர்ந்து நகல்கள் ஹெல்த்தி ஆன பிறகு ஓர் இரவில் டேட்டாபேஸ்களை நகர்த்தினால் போதும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் விட்னஸை மூன்றாவது இடத்தில் வைக்க முடிவெடுத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் 2013-இலிருந்து இது சப்போர்ட் உள்ள ஏற்பாடு, மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் ஒரு வி.எம். (மென்பொருளில் ஓடும் மெய்நிகர் மெஷின்) வைத்து அதில் ஷேர் வைக்கவும் செய்யலாம். எந்த ஊர் போனாலும் மற்ற ஊர் மூன்று ஓட்டோடு தானாக எழும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதையைப் பார்க்க வேண்டும். கோவையின் இன்டர்நெட் சென்னை வழியாகத்தான் வெளியே போகிறது என்பது டயக்ராம் வரைந்தபோதுதான் தெரியவந்தது. அப்படியே விட்டிருந்தால் சென்னை போனதும் கோவையால் விட்னஸைப் பார்க்கவே முடியாது, பணம் செலவழித்தது மட்டும் மிச்சம். கோவைக்குத் தனி லைனும் தனி வி.பி.என்.-உம் போட்ட பிறகே மாற்றினோம்.

விட்னஸ் எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. டொமைன் கன்ட்ரோலரில் வைக்காதீர்கள். விட்னஸ் மெஷினின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில், எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் உள்ள குரூப்பான எக்ஸ்சேஞ்ச் டிரஸ்டட் சப்சிஸ்டத்தைச் சேர்க்க வேண்டும். டொமைன் கன்ட்ரோலருக்கு லோக்கல் குரூப் என்று தனியாக இல்லை, டொமைனுடைய அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில்தான் போய்ச் சேரும். ஒரு சின்ன ஃபோல்டருக்காக மெயில் சர்வருக்கு மொத்த டொமைனின் சாவியையும் கொடுப்பதா? வேறு மெஷினே இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் வாதாடினார், பிரிண்ட் சர்வர் இருந்தது, அதில் வைத்தோம். ஒரே ஃபோல்டரைப் பல சர்வர்களில் வைக்கும் டி.எஃப்.எஸ். பாதையும் கூடாது, ஒரு பக்கம் பூட்டிய ஃபைல் மறுபக்கம் பூட்டப்படாமல் இருந்தால் பூட்டுக்கே அர்த்தமில்லை.

வி.எம். என்றால் எந்த ஹோஸ்ட்டில், அதாவது அதைத் தாங்கும் எந்த நிஜ மெஷினில் என்று பார்க்க வேண்டும். இரண்டு ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் ஒரு எக்ஸ்சேஞ்ச், விட்னஸ் அதில் ஏதோ ஒன்றில் என்று இருந்தால், அந்த ஹோஸ்ட் போகும்போது மூன்றில் இரண்டு ஓட்டு ஒரேயடியாகப் போகும். இதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தாலும், வி.எம்.-களை ஹோஸ்ட்களுக்கு இடையே தானாக மாற்றும் டி.ஆர்.எஸ். இரவோடு இரவாக நகர்த்தி வைத்துவிடும், ஒரே ஹோஸ்ட்டில் சேரக்கூடாது என்ற ஆன்டி அஃபினிட்டி ரூல் எழுதினால்தான் நிற்கும். இரண்டே ஹோஸ்ட் உள்ள இடத்தில் ரூலும் உதவாது, விட்னஸுக்கு வெளியே ஒரு பழைய டெஸ்க்டாப் தரத்து மெஷின்கூடப் போதும்.

வி.எம். பேச்சு வந்ததால், பேக்கப் இரவுகளில் மட்டும் தானாக ஃபெயில்ஓவர் ஆகிறது என்று புகார் வந்தால் ஸ்னாப்ஷாட்டை, அதாவது வி.எம்.-இன் அந்த நொடி நிலையைப் பதிவு செய்வதை, சந்தேகியுங்கள். ஸ்னாப்ஷாட்டை எடுக்கும்போதும் அழிக்கும்போதும் வி.எம். சில நொடி உறைந்து நிற்கும். கிளஸ்டர் ஒரு நொடிக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் ஹார்ட்பீட் அனுப்புகிறது, யு.டி.பி. 3343 போர்ட்டில். 2012 ஆர்2-இல் ஐந்து தொடர்ந்து வராவிட்டால் அந்த நோடு செத்ததாகக் கணக்கு. விண்டோஸ் சர்வர் 2016-இல் இதை ஒரே சப்நெட்டுக்கு 10, வேறு சப்நெட்டுக்கு 20 என்று உயர்த்திவிட்டார்கள், பழையதில் நாமே உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் உண்மையான தீர்வு எக்ஸ்சேஞ்ச் வி.எம்.-களை ஸ்னாப்ஷாட் எடுக்காமல் இருப்பது, மைக்ரோசாஃப்ட் அதை சப்போர்ட் செய்வதும் இல்லை. உள்ளே ஏஜென்ட் வைத்து, விண்டோஸின் பேக்கப் வசதியான வி.எஸ்.எஸ். வழியாகப் பேக்கப் எடுக்கலாம்.

விட்னஸை மாற்றுவது மட்டும் பயப்பட வேண்டிய வேலை இல்லை, மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பகலில் செய்யலாம். புதிய மெஷினில் எக்ஸ்சேஞ்ச் டிரஸ்டட் சப்சிஸ்டம் குரூப்பைச் சேர்த்து, ஃபயர்வாலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கையும் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் டபிள்யூ.எம்.ஐ.யையும் திறந்துவிட்டு, செட் கட்டளையில் புது சர்வர் பெயரையும் ஃபோல்டர் பாதையையும் கொடுத்தால் ஃபோல்டர், ஷேர், அனுமதி எல்லாம் அதுவே செய்துகொள்ளும். நீங்களே முன்கூட்டி ஷேரை உருவாக்கி வைத்தால்தான் அனுமதிச் சிக்கல் வரும். குறிப்பாகக் கிளஸ்டருக்கு ஆக்டிவ் டைரக்டரியில் கம்ப்யூட்டர் அக்கவுண்ட் உள்ள பழைய பாணி டேக்கில், அந்த அக்கவுண்ட்டுக்கு ஷேரில் ஃபுல் கன்ட்ரோல் இல்லாவிட்டால் 1564 வரும். ஷேரைச் சரிசெய்த பின்னும் ரிசோர்ஸ் ஃபெயில்ட் என்றே காட்டினால் பதற வேண்டாம், கிளஸ்டர் அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கிறது, கையால் ஆன்லைன் ஆக்கிவிடலாம்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது டிரில் வேறு மாதிரி நடக்கிறது. ஷட்டவுன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் முடிந்து, நகல்கள் ஹெல்த்தி என்று பார்த்துக்கொண்டு, ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிள்களை மொத்தமாக உருவுகிறார்கள். அடுத்த முறை மற்ற சர்வருடையதை. முதல் தடவை அந்த இளைஞர் கேபிளைப் பிடித்தபடி, "நிஜமாவே உருவிடட்டுமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். உருவினார், சிறிது நேரத்தில் டேட்டாபேஸ்கள் மறுபக்கம் ஏறின, அவுட்லுக் ஒருமுறை கண்ணடித்துவிட்டு ஓடியது. எக்ஸ்சேஞ்ச் 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டதால், அடுத்த பதிப்பான எக்ஸ்சேஞ்ச் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்குப் போகும் வேலை அவர்களிடம் பாக்கி இருக்கிறது. புது சர்வர்கள் வரும்போது பிரிண்ட் சர்வரை மாற்றும் பேச்சும் சேர்ந்து வரும், அதில் விட்னஸ் இருந்தால் அந்தப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.